"எங்க காலனியா சார்?": சமூக அறிவியல் பாடத்தில் புரியாத சொற்களை எப்படிக் கையாள்கிறீர்கள்?

எட்டாவது பி · திங்கள், இரவு 9:40

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு, ஐரோப்பியர் வருகை. ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். தட்டுத்தடுமாறாமல் நன்றாகவே வாசித்தான். பத்தி முடிந்ததும் வழக்கம்போல, "புரியாத சொல் ஏதாவது இருக்கா?" என்றேன். பண்டகசாலை என்றார்கள், ஏகபோகம் என்றார்கள். பட்டயம் என்று ஒரு பெண் கேட்டாள். பாடத்தில் அது அரசர் எழுதிக் கொடுக்கும் உரிமைச் சாசனம். பக்கத்தில் இருந்தவள், "எங்க அண்ணன் பாலிடெக்னிக்ல படிக்குதே, அதுதான்டி" என்று அவளுக்கு விளக்கமும் சொல்லிவிட்டாள். ஆக, 1600-ல் எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டிப்ளமோ கொடுத்திருக்கிறார்.

அது போகட்டும். 'காலனி ஆதிக்கம்' என்று அதே பத்தியில் மூன்று முறை வருகிறது. அதை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஏதோ தோன்றி நானே கேட்டேன். "ஊருக்குத் தள்ளி இருக்கிற தெரு சார்" என்று பதில் வந்தது. கடைசி வரிசையில் இருந்து ஒருவன், "எங்க காலனியா சார்? அதை யாரு வந்து ஆதிக்கம் பண்ணினா?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் நிஜமாகத்தான் கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அது வேற, இது வேற" என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகள் 'காலனி ஆதிக்கம்' என்பதை அந்தத் தெருவை மனதில் வைத்துப் படித்திருப்பார்கள்?


பழைய வாத்தியார் · திங்கள், இரவு 10:15

ஓய்வு பெற்றுவிட்டேன், இருந்தாலும் பழக்கம் விடவில்லை. என் முறை எளிது. பாடம் தொடங்கும் முன் அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, நோட்டில் எழுத வைத்து, மறுநாள் கேட்பேன். அப்புறம்தான் வாசிப்பு. இந்தத் தொல்லையே வராது.


டெல்டா டீச்சர் · திங்கள், இரவு 10:50

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பட்டியலை ஒப்பித்துவிடுவார்கள், வாசிக்கும்போது அந்தச் சொல்லையே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவார்கள். தவிர, காலனி எந்தப் பட்டியலில் இருக்கும்? பட்டியல் போடுகிற நமக்கே அது கடினமான சொல்லாகத் தோன்றாதே.

நான் அடிபட்ட பாடம் ஏழாம் வகுப்புப் பிற்காலச் சோழர். உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறை. குடவோலையைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அதை ஒரு நொடியில் பிள்ளைகளே பிரித்துவிட்டார்கள்: குடம், ஓலை. பனையோலை ஒன்றைக் கொண்டுவந்து கிழித்துப் பெயர் எழுதி மண்பானையில் போட்டதும் முடிந்தது.

சிக்கல் வந்த சொற்கள் வேறு. உறுப்பினராக நிற்பவருக்குக் கால் வேலி நிலமாவது இருக்க வேண்டும் என்று வருகிறது. வேலி என்றால் முள்வேலி. கால் என்றால் கால். "கால் வேலி நிலம்னா காலால தாண்டுற அளவுக்கு வேலி போட்ட நிலம் மிஸ்" என்று ஒருத்தி அழகாக விளக்கினாள். எங்கள் ஊர் நல்ல ஊர், இன்னும் நிலத்துக்கு மா கணக்கு பேசுகிறோம். "உங்க தாத்தாவுக்கு எத்தனை மா?" என்று கேட்டேன். மூன்று மா, ஒன்றரை மா என்று குரல்கள். 20 மா ஒரு வேலி, அப்படியானால் கால் வேலி 5 மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் என்று அவர்களே போட்டார்கள். அதற்கு அப்புறம்தான் வகுப்பில் ஒருவன், "அப்ப எங்க தாத்தா நிக்க முடியாதா?" என்றான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்தப் பாடமே இருக்கிறது என்பேன்.

அடுத்தது குடும்பு. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள் என்றால், பாதி விடைத்தாளில் '30 குடும்பங்கள்' என்று இருக்கும். கை தானாகவே 'பம்' சேர்த்துவிடுகிறது. வார்டு என்று சொன்னால் போதும், கவுன்சிலர் பெயர் வரை சொல்வார்கள்.

வாரியம் மட்டும் லாபம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வாசித்ததும், "மின்வாரியம் மாதிரியா மிஸ்?" என்றார்கள். ஆமாம், அதே சொல்தான். குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் எல்லாம் வந்தது. பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 ஆண்டுகள். அந்தச் சொல் நம் வீட்டுக் கரண்ட் பில்லில் உட்கார்ந்திருக்கிறது என்றதும் ஒருவன் மறுநாள் பில்லையே கொண்டுவந்துவிட்டான்.

எல்லாவற்றையும்விட மோசமாக ஏமாற்றியது 'தேர்தல்'. யாருக்கும் புரியாத சொல் இல்லை. அதனால்தான் ஆபத்து. வாக்குப்பெட்டி, மை, வரிசை என்று படம் வரைந்திருந்தார்கள். அங்கே வாக்கே கிடையாது, குலுக்கல். தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக. இதைச் சொன்னதும் எல்லாரும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள்.


மெட்ரிக் மேடம் · செவ்வாய், காலை 6:20

ஆங்கில வழியிலும் இதே கதைதான், என்ன, சொற்கள் வேறு. அரசியலமைப்பின் முகப்புரையில் 'சாவரின்' என்று வரும், உங்கள் புத்தகத்தில் இறையாண்மை. நான் கேட்டேன், வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "சவரன் மிஸ். எட்டு கிராம்."

தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் தப்பு முழுவதாக இல்லை. பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயர்தான் சாவரின், அதில் அரசர் தலை இருக்கும், அரசரைக் குறிக்கிற சொல்தான் நாணயத்துக்கும் பெயரானது. அதுதான் நம் நகைக்கடையில் சவரன். இதைச் சொல்லி, "அந்த ராஜா தலையில் இருந்த அதிகாரம் இப்ப யாருகிட்ட?" என்று கேட்டு, முகப்புரையின் முதல் வரிக்கு, 'இந்திய மக்களாகிய நாம்' என்பதற்குக் கூட்டிப் போனேன். நகைக்கடை வழியாக அரசியலமைப்புக்குப் போவது நம் ஊரில்தான் நடக்கும்.

இன்னொன்று 'ஃபேக்டரி'. ஆங்கிலேயர் 1613-ல் சூரத்தில் ஃபேக்டரி வைத்தார்கள் என்றால் என் பிள்ளைகள் புகைபோக்கி வரைகிறார்கள். அங்கே ஃபேக்டர் என்ற கம்பெனி முகவர்கள் இருந்து சரக்கை வாங்கிச் சேர்த்து வைத்த கிடங்கு அது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் தமிழ்ப் புத்தகம் தேவலை. பண்டகசாலை என்று புரியாத சொல்லாகப் போட்டதால், பிள்ளை கேட்கவாவது செய்கிறது. என் பிள்ளை கேட்பதே இல்லை.


எட்டாவது பி · செவ்வாய், மாலை 5:05

மேடம் சொன்ன அந்தக் கடைசி வரியில்தான் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சி ஒன்றில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு வருடமாகப் பென்சில் முறை செய்கிறேன். முதல் வாசிப்பு மௌன வாசிப்பு. தெரியாத சொல்லுக்குக் கேள்விக்குறி, அரைகுறையாகத் தெரிந்ததற்குக் கோடு. அப்புறம் அந்தக் கேள்விக்குறிகளில் அதிகம் விழுந்த நாலு சொல்லை மட்டும் எடுத்துப் பேசுவோம். நல்ல முறைதான், நாற்பது நிமிடத்துக்குள் அடங்குகிறது. ஆனால் பென்சில், பிள்ளைக்குத் தெரியாது என்று தெரிந்த சொல்லைத்தான் பிடிக்கும். காலனி, வேலி, தேர்தல், சவரன் எதுவும் அதில் விழவில்லை. விழவும் விழாது.

'வரி'யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "நிலவரித் திட்டத்தின் முக்கிய வரிகள்" என்று ஒரு வினாத்தாளில் பார்த்தேன். கேட்டவர் எந்த வரியைக் கேட்டார் என்பது எனக்கே இன்னும் புரியவில்லை.


பின்பெஞ்ச் · செவ்வாய், மாலை 6:30

பி.எட். முடித்து முதல் வருடம் சார். ஒரு சந்தேகம். சொல் சொல்லாக இப்படி நின்றால் பாடம் எப்போது முடியும்? நிறைய வாசிக்க விட்டால் சொற்கள் தானாகப் படிந்துவிடாதா? நாமெல்லாம் அப்படித்தானே கற்றோம், வாரப் பத்திரிகை படித்து.


டெல்டா டீச்சர் · செவ்வாய், இரவு 8:10

தம்பி, படியும். ஆனால் மெதுவாக. நெதர்லாந்து ஆய்வாளர் இருவர், முன்பு நடந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 1999-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சும்மா வாசித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் புதுச் சொற்களில் சுமார் 15 சதவீதம்தான் பிள்ளைக்கு ஒட்டுகிறது என்று வந்தது. நூறு சொல்லில் பதினைந்து. நீயும் நானும் பத்திரிகையில் ஒரே சொல்லை நாற்பது இடத்தில் பார்த்தோம், அதனால் ஒட்டியது. 'சாலாபோகம்' பாடப் புத்தகத்தில் ஒரு தரம் வரும், அப்புறம் ஆயுளுக்கும் வராது. பள்ளிக்கூடத்தைப் பராமரிக்க விட்ட நிலம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வாரியம், வரி, இறையாண்மை அப்படி இல்லை, திரும்பத் திரும்ப வரும். அங்கே நில்.

எங்கே நிற்பது என்பதற்கு நான் பார்ப்பது இவ்வளவுதான். இந்தச் சொல் சாய்ந்தால் பத்தியே சாயுமா? சாயும் என்றால் நிற்பேன். அடுத்த பாடத்திலும் வருமா? வரும் என்றால் நிற்பேன். பிள்ளைக்கு வேறு பொருளில் ஏற்கெனவே தெரிந்த சொல்லா? அப்படியென்றால் கட்டாயம் நிற்பேன். ஒரு பாடவேளைக்கு நாலுக்கு மேல் போவதில்லை.

நின்று செய்வது என்ன என்று கேட்பாய். பொருள் சொல்ல மாட்டேன். வாக்கியத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பிள்ளை நினைக்கிற பொருளை அந்த இடத்தில் போட்டு வாசிக்கச் சொல்வேன். "30 குடும்பங்களிலும் தகுதி உள்ளவர் பெயரை எழுதி..." ஊரில் மொத்தமே முப்பது வீடுதானா என்று அவர்களே முழிப்பார்கள். வாக்கியம் நிற்கவில்லை என்றால் முன்னாலும் பின்னாலும் இரண்டு வரி திரும்ப வாசி. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.


வடமராட்சி மிஸ் · புதன், காலை 5:55

கடல் கடந்து, இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே வரலாறு, புவியியல், குடியியற் கல்வி எல்லாம் தனித்தனிப் பாடம். நான் தரம் 9-க்கும் சாதாரண தரப் பொதுத்தேர்வு வகுப்புக்கும் படிப்பிக்கிறேன்.

உங்கள் தீபகற்பத்தை நாங்கள் குடாநாடு என்போம். என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பால்குடியிலேயே தெரியும், ஏனென்றால் அவர்கள் இருப்பதே யாழ்ப்பாணக் குடாநாட்டில். "இந்தியாவும் ஒரு குடாநாடு" என்று வாசித்ததும் ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. "மிஸ், குடாநாடு எண்டால் நாங்களெல்லோ!" அவர்களுக்கு அது தங்கள் ஊரின் பெயர், நிலத்தின் வகையே இல்லை. வரைபடத்தில் விரலை வைத்துக் கரையோரமாக இழுக்கச் சொன்னேன். ஆனையிறவில் விரல் கரையேறியது. பிறகு இந்தியாவுக்கும் அதே விரல், அரேபியா பக்கமும் அதே விரல். மூன்றாவது தடவையில்தான் சொல் ஊரை விட்டு வெளியே வந்தது.

காலனி பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் காலனித்துவம் என்றும் குடியேற்றவாதம் என்றும் எழுதுவோம். இரண்டாவது நல்ல தமிழ், பிரித்தால் பொருள் தெரியும் என்று நினைப்பீர்கள். ஆனால் இங்கே குடியேற்றம் என்றால் பிள்ளைகளின் வீட்டில் பேசப்படுவது வேறு: கல்லோயா போன்ற, அரசு ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய குடியேற்றத் திட்டங்கள், காணிப் பிரச்சினை. ஆகவே புரிகிற சொல்லைப் போட்டாலும் தப்ப முடியாது. எந்தச் சொல்லுக்கும் ஒரு ஊர் இருக்கிறது.


மெட்ரிக் மேடம் · புதன், காலை 7:00

தீபகற்பத்துக்கு எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. "தீபம் ஏற்றுகிற கர்ப்பக்கிரகம்." கன்னியாகுமரியில் கோயில் இருப்பதால் அந்தப் பெயராம். தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை.


அப்பா ஒருவர் · புதன், பகல் 1:20

ஆசிரியர் இல்லை, பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொதுத்தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்துக இதுதானே? அதற்கு கைடைப் படித்தால் மதிப்பெண் வருகிறதே.


பழைய வாத்தியார் · புதன், மாலை 4:40

ஐயா, முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். ஒரு மதிப்பெண் வினாவில் கைடு காப்பாற்றும். 'காரணம் கூறுக' என்று வந்தால் காப்பாற்றாது. ரயத்துவாரி முறை என்றால் என்ன என்று கேட்டால், 'தாமஸ் மன்றோ 1820' என்று எழுதிவிட்டு நின்றுவிடுவார்கள். ரயத்து என்றால் உழவன், அந்த உழவனிடமே நேராக வரி வாங்குவதுதான் அந்த முறை என்ற ஒன்றைத் தெரிந்தவன், மற்ற எல்லாவற்றையும் சொந்தமாக எழுதிவிடுவான். ஜமீன்தாரி நடுவில் ஆளை வைத்தது, இது வைக்கவில்லை. ஒரு சொல் புரிந்ததால் ஐந்து மதிப்பெண்.

முதல் நாள் என் பட்டியலைப் பற்றிப் பெருமை பேசினேன். டெல்டா டீச்சர் சொன்னதைப் படித்த பிறகு பழைய நினைவு ஒன்று வந்தது. ரயத்துவாரி பாடத்தில் 'புறம்போக்கு' என்று வந்தால் வகுப்பு சிரிக்கும், நான் அதட்டி உட்கார வைப்பேன். அதட்டியிருக்கக் கூடாது. வரிக்கணக்குக்குப் புறமாகப் போன நிலம் புறம்போக்கு, அதுவே எப்படி மனிதனுக்கு வசவாயிற்று என்று கேட்டிருந்தால் பாதிப் பாடம் அங்கேயே நடந்திருக்கும். வீட்டில் பட்டா இருக்கும், சிட்டா இருக்கும், தாலுகா ஆபீசில் வருடா வருடம் ஜமாபந்தி நடக்கும், அதில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்கின் ஆண்டு, என்று போட்டிருக்கும். ஜூலை முதல் தேதி பசலி பிறக்கிறது. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் வரும் எண். ஜமாபந்தி, பசலி போன்ற சொற்கள் பாரசீகமும் அரபுமாக வந்தவை. இதெல்லாம் நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிற வரலாறு. நான் ஏன் அவற்றை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு எச்சரிக்கை, இளையவர்களுக்காக. பாளையக்காரர் பாடத்தில் ராஜபாளையம், மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லி உற்சாகப்படுத்துவோம். நல்லதுதான். ஆனால் பாளையம் என்றாலே மதுரை விசுவநாத நாயக்கர் பிரித்த 72 பாளையங்களில் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். படை தங்கிய இடமும் பாளையம்தான். கொங்கு நாட்டில் தெருவுக்கு ஒரு பாளையம் இருக்கிறது.


எட்டாவது பி · வெள்ளி, இரவு 9:15

காலனியை இன்று திரும்ப எடுத்தேன்.

டெல்டா டீச்சர் சொன்னபடி வாக்கியத்தில் மாற்றிப் போட வைத்தேன். "இந்தியா இங்கிலாந்தின், ஊருக்குத் தள்ளி இருக்கிற தெருவாக இருந்தது." வாசித்தவுடன் அவர்களே நெளிந்தார்கள். சரி, முன்பத்தியைத் திரும்ப வாசிப்போம் என்றேன். கோட்டை கட்டினார்கள், வரி வாங்கினார்கள், சட்டம் போட்டார்கள், சரக்கைக் கப்பலில் ஏற்றினார்கள். "அப்ப வேற நாட்டுக்காரன் வந்து உக்காந்துகிட்டு நம்மள ஆளுற இடம் சார்" என்றாள், பட்டயம் கேட்ட அதே பெண். அதைப் போட்டு வாசித்தோம். வாக்கியம் நின்றது.

அப்புறம், கடைசி வரிசைப் பையன் கேட்பதற்கு முன் நானே ஆரம்பித்தேன். லத்தீனில் கொலோனியா என்றால் குடியேறி உழுது வாழ்கிற இடம். ரோமானியர் வென்ற நிலத்தில் ஆட்களைக் குடியமர்த்தினார்கள். பிற்பாடு அதே சொல் ஒரு நாடு பிடித்து ஆளும் நாட்டுக்கு வந்தது. இன்னொரு பக்கம், புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கும் அதே பெயர். ரயில்வே காலனி, ஹவுசிங் போர்டு காலனி. ஆதிதிராவிடர்களுக்கு அரசு வீடு கட்டிக்கொடுத்த இடங்களுக்கும் அந்தப் பெயர் வைத்தார்கள். ரயில்வே காலனியில் இருப்பவரை அந்தச் சொல் ஒன்றும் செய்யவில்லை, இவர்களை மட்டும் ஊர் அந்தச் சொல்லால் குத்தியது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில், இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்ததையும் சொன்னேன். வசைச்சொல்லாக மாறிவிட்டது என்பதுதான் காரணம் என்றேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் கேட்டது இதுதான்: "அப்ப புஸ்தகத்துலயும் எடுத்துருவாங்களா சார்?" இல்லை, இது வேறு பொருள், வரலாற்றில் இருக்கும் என்றேன். நோட்டில் 'காலனி' என்று இரண்டு தடவை எழுதி, ஒன்றின் கீழே 'இங்கிலாந்து', இன்னொன்றின் கீழே தன் தெருப் பெயரை எழுதிக்கொண்டான். ஒருவன் மட்டும் 'காலணி' என்று எழுதி வைத்திருந்தான். அது செருப்பு என்று சொல்ல இன்னொரு ஐந்து நிமிடம்.

மொத்தம் ஒரு பாடவேளை முழுக்கப் போய்விட்டது. பாடத்திட்டத்தில் இரண்டு நாள் பின்தங்கி இருக்கிறேன்.

இப்போது அடுத்த சிக்கல். அடுத்து வரும் பாடம் 'கிராம சமூகமும் வாழ்க்கை முறையும்'. இன்றே சோதித்துப் பார்த்தேன், சமூகம் என்றால் என்னவென்று. "நீங்க என்ன சமூகம்னு கேப்பாங்களே சார், அது" என்றார்கள். சாதி என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் போடுகிற சொல்லாகத்தான் அது அவர்களுக்குத் தெரியும். நாம் எடுக்கிற பாடத்தின் பெயரே சமூக அறிவியல். யாராவது இதை வகுப்பில் பிரித்துப் பேசியிருக்கிறீர்களா?


டெல்டா டீச்சர் · வெள்ளி, இரவு 9:50

இல்லை. ஆறாம் வகுப்பில் இருந்தே அட்டையில் பார்க்கிற சொல், ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. திங்கள் முதல் பாடவேளை எனக்கு ஏழாவது. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.